வாயை மூடிப் பாடினவங்க

குரலுக்கு மன்னிப்பு கேட்டுக்கறேன் ஆன்ட்டி. அதுல எனக்கு ஒரு தகராறும் இல்ல. செக்ரட்டரி அங்கிளோட குரலை அவரைக் கேக்காம எடுத்தேன், மைக்ல பேசினேன், தப்புதான். ஆனா அந்தக் குரல்ல நான் சொன்னது பொய்னு மட்டும் சொல்ல மாட்டேன். நீங்க சங்கத்துத் தலைவர். நீங்க கையை நீட்டினா இந்த பில்டிங்ல மோட்டார் நிக்கும், லிஃப்ட் நிக்கும். என் வாய் நிக்காது.

இல்ல, திமிரெல்லாம் இல்ல. உக்காரவா? இந்த நாற்காலியே போதும்.

முதல்லேர்ந்தா? சரி, சொல்றேன். ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன். எனக்கு ஒருத்தரைப் பத்திப் பேசினா அவங்க குரலும் கூடவே வந்துடும். நானா வரவழைக்கறதில்ல. லிஃப்ட்ல ஒரு பொம்பளக் குரல் வருமே, கதவுகள் மூடுகின்றன, அப்படின்னு? ஒருநாள் நான் பின்னாடி ஓரமா நின்னுக்கிட்டு, எடை அதிகம், சிவப்புச் சட்டை அணிந்தவர் இறங்கவும்னு சொன்னேன். ஆறாவது மாடி அண்ணன் சட்டையைக் குனிஞ்சு பாத்துட்டு இறங்கிப் படியில போனார். இன்னிக்கு வரைக்கும் அவர் சிவப்புச் சட்டை போடறதில்ல. அது நான்தான். உங்களுக்குத் தெரியாதா? அப்ப விடுங்க, நான் சொல்லவே இல்ல.

விஷயத்துக்கு வந்துட்டேன்.

கீழ மோட்டார் ரூமுக்குப் பக்கத்துல ஒரு ரூம் இருக்குல்ல. இப்ப நீங்க பூட்டி, சாவியை இதோ மேசை மேல வெச்சிருக்கீங்களே, அதே ரூம்தான். புதன்கிழமை சாயங்காலம் சுகாதார நிலையத்துலேர்ந்து நர்ஸக்கா வருவாங்க. அவங்க முதல்ல ஒரு பெரிய தப்பு பண்ணாங்க. உண்மையைச் சொல்லிட்டாங்க. லிஃப்ட் பக்கத்துல, தூரத்துலேர்ந்தே தெரியற எழுத்துல ஒட்டிட்டாங்க. சிறுநீர்க் கசிவு உள்ளவர்களுக்கு இலவசப் பயிற்சி, அனைவரும் வருக. எத்தனை பேர் வந்திருப்பாங்கன்னு நெனைக்கறீங்க? வாட்ச்மேன் வந்தார். எப்பம்மா கிளம்புவீங்க, ரூமைப் பூட்டணும்னு கேக்க. அந்த நோட்டீஸ் பக்கத்துல நின்னாலே தப்புன்னு, லிஃப்டுக்கு நிக்கற ஆளுங்க ரெண்டடி தள்ளி நின்னாங்க. நோட்டீஸ்ல யாரோ மீசை வேற வரைஞ்சு வெச்சிருந்தாங்க.

அது நான் இல்ல ஆன்ட்டி. நான் வரைஞ்சிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்.

அப்பதான் மூணாவது மாடி கணக்கு டீச்சர் நர்ஸக்காவைப் படிக்கட்டுல மடக்கினாங்க. அவங்க மூக்கால பேசுவாங்க, தெரியும்ல? இதோ பாருங்கம்மா, இந்தப் பேர் போட்டா இந்த ஜென்மத்துல ஒருத்தரும் வர மாட்டாங்க, புரியுதா இல்லையா. பாட்டு வகுப்புன்னு போடுங்க. நான் வர்றேன். எனக்குத் தெரிஞ்சவங்களையும் கூட்டிட்டு வர்றேன். ஏன்னு கேக்காதீங்க. புரியுதா இல்லையா.

நர்ஸக்காவுக்குப் புரிஞ்சுது. பேரை மாத்தினாங்க. அடுத்த வாரம் நாற்காலி பத்தல.

ஆமா, அதான் உங்க பாட்டு வகுப்பு. நீங்க நெனைக்கிற மாதிரி அங்க வட்டிக்கு விடல, சீட்டு ஆடல, சாமியாரை வெச்சு எதுவும் பண்ணல. இருமினா, தும்மினா, மாடிப்படி ஏறினா, ஒரு பக்கெட் தண்ணி தூக்கினா கொஞ்சம் போயிடுதே, அந்த ஆளுங்க உக்காந்து பயிற்சி எடுத்தாங்க. அவ்வளவுதான். இடுப்புக்குக் கீழ தொட்டில் மாதிரி ஒரு தசை இருக்காம், உள்ள இருக்கறதெல்லாம் அதுலதான் உக்காந்திருக்காம். கைக்கு, காலுக்கு எக்ஸர்சைஸ் பண்ற மாதிரி அதுக்கும் பண்ணலாமாம். நர்ஸக்கா குரல் எப்படி இருக்கும்னா, தூங்கற குழந்தைக்குப் பக்கத்துல நின்னு சண்டை போடற மாதிரி இருக்கும். மெதுவா, ஆனா கறாரா. இழு. மேல இழு. பிடி. பிடி. இப்ப விடு. மூச்சை அடக்காதே, மூக்கால விடு. வாயை மூடு. முகத்துல ஒண்ணும் தெரியக் கூடாது, நீ பஸ்ல உக்காந்திருக்கே.

அவங்க பிடின்னு சொன்னா போதும், எல்லா வாயும் பட்டுனு மூடிக்கும், எல்லார் கண்ணும் மேல ஃபேனைப் பாக்கும். பழகிப் போச்சு. இதை ஞாபகம் வெச்சுக்கங்க, இதாலதான் எல்லாம் கெட்டுது.

வாட்ச்மேன் கதவுல காதை வெச்சுக் கேட்டிருக்கார். கேட்டுட்டு உங்க செக்ரட்டரிகிட்ட போய், சார், உள்ள பாட்டே கேக்கல சார், யாரோ கிணத்துல தண்ணி இறைக்கறாங்க சார்னு சொல்லியிருக்கார். இன்னொரு கூத்து, நிஜமாவே பாட்டு கத்துக்கணும்னு ஒரு பெரியவர் வந்துட்டார். அவர்கிட்ட யாரு சொல்றது? பாவம், ஒரு வகுப்பு பூரா உக்காந்து எல்லாரோடயும் இழுத்துப் பிடிச்சு விட்டார். போகும்போது டீச்சர்கிட்ட சொல்றார், சங்கீதம் ரொம்பக் கஷ்டம்மா, சுருதியை இவ்வளவு அடியிலேர்ந்து எடுக்கணும்னு எனக்குத் தெரியாமப் போச்சு.

நான் எதுக்கு அங்க போனேனா? வர்றேன், அதுக்கும் வர்றேன். நாற்காலி போடறதுக்குன்னு எங்க வீட்ல சொல்லிக்கறாங்க. அதையே வெச்சுக்கங்க இப்போதைக்கு.

ஒண்ணு கேக்கறேன் ஆன்ட்டி. முதல் மாடி டிரைவர் மாமா வெளிய வர்றதே இல்ல, மூஞ்சைத் தூக்கி வெச்சுக்கிட்டிருக்கார்னு எல்லாரும் சொன்னீங்களே. ஏன்னு ஒருத்தராவது போய்க் கேட்டீங்களா? அவருக்கு ஒரு ஆபரேஷன் நடந்துது. அதுக்கப்புறம் கட்டுப்பாடு போயிடுச்சு. வேலைல இருந்த காலம் பூரா பஸ் ஓட்டின மனுஷன், ஒரு மணி நேரம் பஸ்ல உக்காந்து போக பயம். சொந்தத் தங்கச்சி பொண்ணு கல்யாணத்துக்குப் போகல. தங்கச்சி கோவிச்சுக்கிட்டு பேச்சை நிறுத்திடுச்சு. காரணத்தைச் சொல்றதைவிட தங்கச்சியை இழக்கறது இவருக்குச் சுலபமா இருந்திருக்கு. அதை யோசிச்சுப் பாருங்க.

அந்த ரூம்ல அவர் முதல் தடவை வாயைத் திறந்தப்ப எப்படிச் சொன்னார் தெரியுமா? கட்டைக் குரல் அவருக்கு, எஞ்சின் கிளம்பற மாதிரி இருக்கும். வண்டில ஒண்ணும் கோளாறு இல்ல. பிரேக்தான் கொஞ்சம் லேட்டாப் பிடிக்குது. எல்லாரும் சிரிச்சு, அதுல ரெண்டு மூணு பேருக்கு அங்கயே கசிஞ்சு, அதுக்கு மறுபடியும் சிரிச்சு, அன்னிக்கு வகுப்பே நடக்கல. வகுப்புக்கு வர்ற தையல் அக்கா ஒருத்தங்க அவருக்கு பேன்ட் தைச்சுக் குடுத்தாங்க. பாத்தா சாதா பேன்ட், ஆனா இடுப்புல எலாஸ்டிக், பட்டனோட மல்லுக்கட்ட வேண்டியதில்ல. உள்ள பேட் வெக்க தனியா ஒரு பை. அதே மாதிரி டீச்சர் பாவாடைக்கும் ஒண்ணு. பதிலுக்கு மாமா எல்லார் வீட்டு பாத்ரூம் தாழ்ப்பாளையும் ஒரே தள்ளுல திறக்கற மாதிரி மாத்திக் குடுத்தார். ஊர்ல எந்த ஸ்டாப்ல இறங்கினா எந்தக் கடைக்காரன் மூஞ்சைச் சுளிக்காம கக்கூஸ் சாவி தருவான், அது மொத்தமும் அவருக்கு மனப்பாடம். புதுசா யாராவது வந்தா அதைத்தான் முதல்ல சொல்லித் தருவார்.

தண்ணியும் அங்கதான் குடிப்பாங்க. பயந்துக்கிட்டு நாள் பூரா தண்ணி குடிக்காம கிடக்கறவங்க, நர்ஸக்கா ஆளுக்கொரு டம்ளர் குடுத்து, ம், எல்லாரும் ஒண்ணா, அப்படின்னா குடிப்பாங்க. தண்ணியைக் குறைச்சா சரியாகாது, இன்னும் எரிச்சல்தான் ஆகும்னு சொல்லிச் சொல்லிப் பழக்கினாங்க. அங்க ஏன் தைரியமாக் குடிப்பாங்கன்னா, அந்த ரூமுக்குள்ளயே பாத்ரூம் இருக்கு. இந்த பில்டிங்ல பொது ரூம்ல பாத்ரூம் இருக்கறது அது ஒண்ணுதான். படியும் ஏற வேண்டாம். செக்ரட்டரி அங்கிள் டேபிள் டென்னிஸ் போட அந்த ரூமைக் கேக்கறார். பாட்டுக்காரங்க மொட்டை மாடிக்குப் போகட்டுமாம், காத்தோட்டமா இருக்குமாம். மொட்டை மாடிக்கு எப்படிப் போவாங்க ஆன்ட்டி? லிஃப்ட் கடைசி மாடியோட நின்னுடும். அதுக்கு மேல ஏறி, அங்க தும்மி, திரும்பக் கீழ இறங்கி வந்து... நீங்களே சொல்லுங்க.

ஆமா, அவருக்குக் காரணம் தெரியாதுதான். ஒத்துக்கறேன். நாங்கதான் சொல்லலியே. அதனாலதான் அவர் அந்தக் கொக்கியைப் போட்டார். சங்கக் கூட்டத்துல எழுந்து, குரலைக் கனைச்சுக்கிட்டு, க்கும், அதாவது என்னன்னா, இவ்வளவு காலமா ஒரு வகுப்பு நடக்குது, அதாவது ஒரு பாட்டு கூட வெளிய கேக்கல. ஆண்டு விழாவுல மேடையேறிப் பாடட்டும். அதாவது பாடினா ரூம் அவங்களுக்கு. இல்லேன்னா, க்கும், டேபிள் டென்னிஸ். நல்லா இருக்கா? அப்படியே அவர்தானே?

எங்காளுங்களுக்கு முகத்துல ஈயாடல. டீச்சருக்குப் பாடத் தெரியாது, மாமா பாடினா வண்டி ரிவர்ஸ் எடுக்கற மாதிரி இருக்கும். உண்மையைச் சொல்லிடலாம்னு மாமா சொன்னார். மத்தவங்க ஒத்துக்கல. டீச்சர் அழுதே விட்டாங்க. என் ஸ்டூடண்ட்ஸ் இந்த பில்டிங்ல இருக்காங்க மாமா, நாளைக்கு போர்டு பக்கம் திரும்பினா பின்னாடி என்ன பேசுவாங்கன்னே நெனைச்சுக்கிட்டு நிக்கணும், புரியுதா இல்லையா. அப்புறம் எல்லாரும் ஒரே நேரத்துல என்னைப் பாத்தாங்க.

அவ்வளவுதான் ஏற்பாடு. மேடைல அவங்க வாயை அசைக்கணும். திரைக்குப் பின்னாடி கார்ட்லெஸ் மைக்கை வெச்சுக்கிட்டு நான் எல்லார் குரல்லயும் பாடணும். நர்ஸக்கா முன்னாடி நின்னு கையை ஆட்டணும். அவங்களுக்கு இதுல துளியும் இஷ்டம் இல்ல. ஆனா ரூம் போயிடுமே.

முதல் சரணம் பிரமாதம். நீங்க கூட தலையாட்டினீங்களாமே? மாமா குரலை அடில போட்டு, டீச்சர் மூக்கை நடுவுல விட்டு, தையல் அக்காவை மேல சுத்த விட்டேன். ரெண்டாவது சரணத்துல நர்ஸக்காவுக்கு மேடை பயம் வந்துடுச்சு. சபை பூரா தன்னையே பாக்குதுன்னு கையாட்டறதையே மறந்துட்டாங்க. அந்தப் பதட்டத்துல வாய் தவறி, பழக்கத்துல, பிடி, அப்படின்னுட்டாங்க.

பிடிச்சாங்க ஆன்ட்டி. ஒருத்தர் விடாம. எல்லா வாயும் பட்டுனு மூடிக்கிச்சு, எல்லார் கண்ணும் மேல போயிடுச்சு, மூக்கால மூச்சு, முகத்துல ஒண்ணும் தெரியல. பாட்டு மட்டும் ஜோராப் போய்க்கிட்டிருக்கு. திரைக்குப் பின்னாடி எனக்கு என்ன தெரியும்? ஜனங்க சிரிக்கற சத்தத்தை, ஆஹா, ரசிக்கறாங்கன்னு நெனைச்சு இன்னும் ரெண்டு சங்கதி கூடப் போட்டேன்.

அப்புறம் நடந்தது நீங்களே பாத்தீங்க. அங்கிள் மேடையேறித் திரையை இழுத்தார், நான் மைக்கோட நின்னேன். அதோட விட்டிருந்தா நான் திட்டு வாங்கிட்டுப் போயிருப்பேன், எனக்கு என்ன புதுசா. அவர் மேடைல இருந்த இன்னொரு மைக்ல எங்காளுங்களைப் பாத்து, அந்த ரூம்ல அப்படி என்னதான் நடக்குது, இப்பவே இங்கயே சொல்லணும்னார். கேட்டுட்டு வாயை அப்படியே திறந்து வெச்சுக்கிட்டு நின்னார். டீச்சர் முகத்தைப் பாத்தேன். முன் வரிசைல அவங்க க்ளாஸ் பசங்க உக்காந்திருக்கு. மாமா எலாஸ்டிக் பேன்டை ரெண்டு கையால பிடிச்சுக்கிட்டு நிக்கறார். யாருக்கும் வாய் வரல.

எனக்கு வந்துது. அவர் குரல்ல வந்துது. க்கும். அதாவது என்னன்னா, மூத்திரம் அடக்க முடியாதவங்க அந்த ரூம்ல பயிற்சி எடுக்கறாங்க. அதாவது நானும் அதுல ஒரு ஆள். இதுல வெக்கப்பட ஒரு மண்ணும் இல்ல.

பின் வரிசைக்கு என் வாய் அசைஞ்சது தெரியல. அவர் வாய் திறந்திருந்தது தெரிஞ்சுது. அவரே சொல்லிட்டார்னு நெனைச்சுட்டாங்க. அதான் அவருக்கு இவ்வளவு கோவம். ஆனா அவரு உங்ககிட்ட ஒண்ணு சொன்னாரா, இல்ல மறைச்சுட்டாரா? மறுநாள்லேர்ந்து லிஃப்ட்ல, பார்க்கிங்ல, மாடிப்படி மூலைல ஆளுங்க அவரைத் தனியா நிறுத்தி, சார், எனக்கும் அதே பிரச்சினைதான் சார், நீங்க எந்த டாக்டரைப் பாக்கறீங்கன்னு குசுகுசுன்னு கேக்கறாங்களாம். அவர் சம்சாரமே எங்கம்மாகிட்ட சொன்னாங்க. ஆறாவது மாடி அண்ணன் இவர் கையைப் பிடிச்சுக் கண்ணுல தண்ணி விட்டாராம். உங்க பில்டிங்ல அப்படி யாரும் இல்லேன்னு என்னை மைக்ல சொல்லச் சொல்றீங்களே, எப்படி ஆன்ட்டி சொல்றது? அவங்க எல்லாரையும் ஏத்தினா அந்த லிஃப்டே தாங்காது.

இருங்க, நீங்க சொல்ல வர்றது எனக்குத் தெரியும். ஞாயித்துக்கிழமை கூட்டத்துல, நான் சொன்னது அத்தனையும் பொய், விளையாட்டுக்குச் சொன்னேன், அப்படின்னு ஒரு வார்த்தை. சொல்லிட்டா பாட்டு வகுப்பு பாட்டு வகுப்பாவே நடக்கும், சாவி கிடைக்கும். டீச்சர் கூட நேத்து வீட்டுக்கு வந்து கெஞ்சினாங்க. ஒரே ஒரு பொய்தானடி, எங்களுக்காகச் சொல்லேன்னாங்க. அவங்க யார் பேரையும் நான் மைக்ல சொல்லல, சொல்லவும் மாட்டேன்; இப்ப உங்ககிட்ட சொன்னது நமக்குள்ளயே இருக்கட்டும். அவங்க மேடைல வாயை மட்டும் அசைச்சது பாடத் தெரியாததாலன்னே ஊர் நெனைச்சுக்கட்டும். ஆனா மறுபடியும் அந்தப் பேர்ப்பலகையை மாட்டி, மறுபடியும் திருடங்க மாதிரி ஒவ்வொருத்தரா உள்ள நுழைஞ்சு, மறுபடியும் வருஷா வருஷம் நான் திரைக்குப் பின்னாடி நிக்கணுமா? முடியாது.

என்னது? அப்ப செக்ரட்டரிக்கு நிஜமாவே அப்படி இருக்கான்னா கேக்கறீங்க?

எனக்கு எப்படித் தெரியும்? அவரைப் பத்தி நான் எங்க பேசினேன்? குரல்தான் அவரோடது. நானும் ஒரு ஆள்னு சொன்னது என்னைப் பத்தி.

ஆமா. நான்தான்.

இல்ல ஆன்ட்டி, விளையாடல. எனக்கு இருமினா, ஓடினா ஒண்ணும் ஆகாது. சிரிச்சாதான். சும்மா புன்னகைக்கெல்லாம் இல்ல, நிஜமா வயிறு குலுங்கச் சிரிச்சா மொத்தமும் போயிடும், நிறுத்தவே முடியாது. சின்ன க்ளாஸ்ல ஒருதடவை பெஞ்சுல ஆயிடுச்சு. அன்னிக்குத்தான் ஒண்ணு கண்டுபிடிச்சேன். சிரிக்க வெக்கறவ சிரிக்க வேண்டியதில்ல. எல்லாரும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உருளும்போது நான் மட்டும் மூஞ்சை உர்ருனு வெச்சுக்கலாம், அடடா, என்ன கன்ட்ரோல் பாரு இந்தப் பொண்ணுக்குன்னு பாராட்டுவாங்க. அந்த வார்த்தையேதான் சொல்லுவாங்க. எங்கம்மாவுக்குத் தெரியும். கல்யாணம் ஆகற வரைக்கும் வாயைத் திறக்காதேன்னு சொல்லியிருக்கா. நர்ஸக்காதான், இது உன் மாதிரி எத்தனையோ பொண்ணுங்களுக்கு இருக்கு, இதுக்குப் பயிற்சி இருக்கு, தேவைப்பட்டா மருந்து இருக்கு, வளர்ப்புல கோளாறு இல்லேன்னு சொன்னாங்க. முதல்ல நம்பல. இப்ப பரவால்ல, பாதி தடவை பிடிச்சுடறேன்.

மேடைல என் குரல்லயே சொல்லணும்னுதான் வாயைத் திறந்தேன். வரல. யார் யார் குரலோ வருது, அது மட்டும் வரல.

ஞாயித்துக்கிழமை அதுவும் வரும். மைக்கைக் குடுங்க, என் குரல்ல சொல்றேன். செக்ரட்டரி அந்த ஆள் இல்ல, நான்தான்னு. அவர் மானம் அவருக்கே திரும்பப் போயிடும். பாட்டு வகுப்புன்னு இருக்கற பலகையை எடுத்துட்டு நர்ஸக்கா முதல்ல எழுதினதையே மாட்டணும். வெக்கப்படறவங்க என்கூட நாற்காலி போட வர்றேன்னு சொல்லிக்கட்டும், எத்தனை பேர் வேணும்னாலும் நாற்காலி போடலாம். அதுக்கு அந்த ரூம் வேணும். பாத்ரூமோட வேணும். நீங்க தரலேன்னா இங்கேர்ந்து நேரா வீடு வீடாப் போய்க் கதவைத் தட்டிச் சொல்லுவேன், அதுக்கும் என் குரல் போதும்.

என்ன... சாவியை எதுக்கு இந்தப் பக்கம் தள்றீங்க? இப்பவேயா? இன்னிக்குப் புதன்தான், ஆமா, அவங்க கீழ படிக்கட்டுல உக்காந்திருக்காங்க. அப்ப செக்ரட்டரிகிட்ட என்ன சொல்லுவீங்க? அவரை லிஃப்ட்ல மறிக்கறவங்களையெல்லாம் கீழ்த்தளத்துக்கு அனுப்பச் சொல்லுங்க. க்கும், அதாவது என்னன்னா, டேபிள் டென்னிஸ் ஆடறவங்க எல்லாம் அதாவது முதல்ல...

ஐயோ, சிரிக்காதீங்க ஆன்ட்டி. நீங்க இப்படி முந்தானையை வாயில வெச்சுக்கிட்டுச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல, எனக்கும் வருது. வேண்டாம், நிஜமா வருது.

சரி, வரட்டும் போங்க. பிளாஸ்டிக் நாற்காலிதானே, துடைச்சுக்கலாம்.